தொண்ணூற்றாறு

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, குடித்துவிடுவேன். இப்படித்தான் வேண்டும், அப்படித்தான் வேண்டும் என்று எனக்கு எதிலும் பிடிவாதம் கிடையாது. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற ஆள் நான். என் மனைவி செல்வமேரியைக் கேட்டால் சொல்லுவாள். இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: தெரிந்தே செய்தீர்களா? அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கு நான் ஒரு முரடனாகத்தான் தெரிவேன். நான் முரடன் இல்லை. என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் நான் செய்தது என்னவென்று விளங்கும். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே?

என் பெயர் யேசுதாசன். பொழிச்சலூரில் சொந்த வீடு. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பெனியில் திரைகளை ஓட்டுகிற மின்சுற்றுகளை வடிவமைக்கிறேன். உங்கள் மேஜையில் கிடக்கும் செல்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திரை லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு ட்ரான்சிஸ்டர் உட்கார்ந்துகொண்டு அதற்கு வேண்டிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. ஒரே தட்டில் ஒரே நாளில் செய்தாலும் இவற்றில் இரண்டு ஒரே மாதிரி அமைவதில்லை. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது? ஒன்று தொட்டவுடன் விழித்துக்கொள்ளும். இன்னொன்றை உலுக்கி எழுப்ப வேண்டும். போதாக்குறைக்கு, வேலை செய்யச் செய்ய எல்லாமே களைத்துப்போகும். அப்படியே விட்டால் திரை முகத்தில் தேமல் விழுந்த மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும்.

நல்ல ட்ரான்சிஸ்டர் செய்வதுதான் வித்தை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. மட்டமான ட்ரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு நல்ல படம் காட்டுவதுதான் வித்தை. என் சுற்று ஒவ்வொரு புள்ளியிடமும் போய் உனக்கு எவ்வளவு குறை என்று அளந்துகொள்ளும். அளந்த குறையைக் கொடுக்க வேண்டியதோடு சேர்த்துக் கூட்டிக் கொடுக்கும். பலமானதும் பலவீனமானதும் வெளியே ஒரே வெளிச்சம்தான் தரும். எந்தப் புள்ளி சாகக் கிடக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துவிட்டால் நான் தோற்றேன் என்று அர்த்தம். யாரையும் ஒதுக்காமல், யாரையும் திட்டாமல், குறையோடு சேர்த்தே நடத்திக்கொண்டு போகிற தொழில் இது. என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் அமைந்திருக்காது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. கூட்டிக் கொடுக்கக் கையில் இருப்பது தீர்ந்துவிட்டால் அந்தப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதில்லை, ஒரேயடியாக அணைந்துபோகும். அது எப்போது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் திரையை நிறுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்போம். நிறுத்தாமல் என்பது முக்கியம். நடுவில் அணைத்தால் ட்ரான்சிஸ்டர்கள் ஓய்வெடுத்துக்கொள்ளும். ஓய்வெடுத்தால் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பிவிடும். அதுவரை எடுத்த கணக்கெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செல்வமேரிக்கு அந்த வசதி கிடையாது. அவளுக்கு வந்தது நுரையீரல் தேங்காய் நார் மாதிரி இறுகிக்கொண்டே போகிற வியாதி. பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது மூச்சு வாங்கத் தொடங்கி, பிறகு படியேறினால் வாங்கி, கடைசியில் தலை சீவினாலே வாங்கியது. டாக்டர் திரிபுரசுந்தரி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். நல்ல டாக்டர், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"இத குணப்படுத்த மருந்து இல்ல சார். ஆனா ரத்தத்துல ஆக்சிஜன் குறையுறப்பவே கவனிச்சு கூட்டிட்டு வந்தீங்கன்னா இன்னும் சில வருஷம் நல்லாவே இருக்கலாம். தொண்ணூறுக்குக் கீழ விடவே கூடாது. அந்த நம்பர் உங்க கண்ணுல இருக்கணும்" என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் அந்த எண் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப், தலைமாட்டில் ஒரு மானிட்டர். செல்வமேரி அதை மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று நான்கு என்றால் சிரிப்பாள். தொண்ணூற்று ஒன்று என்றால் "என்னங்க, இறங்குதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். பயந்தால் மூச்சு வேகமாகும், வேகமானால் எண் இன்னும் இறங்கும், இறங்கினால் இன்னும் பயப்படுவாள். இதை நான் மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கட்டின மனைவி பயப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த மனுஷனாலும் முடியாத காரியம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஒரு புது வேலை வந்தது. வீட்டில் நோயாளிகளுக்கு வைக்கிற மானிட்டருக்கான திரை. மலிவான பேனல், ட்ரான்சிஸ்டர்கள் படு மட்டம். என் சுற்று அதைத் தாங்கிப் பிடிக்குமா என்று வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம். லேபில் ஏசி போட்டு ஓட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டோம், சாதாரண வீட்டில், இந்த ஊர் வெக்கையிலும் கரண்ட் ஏற்ற இறக்கத்திலும், உண்மையான நோயாளியோடு ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் மேலதிகாரி சத்யநாராயணன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யேசு சார், கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. உங்க வீட்லயே ஒரு பேஷன்ட் இருக்காங்க... நீங்களே பக்கத்துல இருந்து பாத்துக்கலாம். மழைக்காலம் முடியுற வரைக்கும் நிக்காம ஓடினா போதும்" என்றார்.

அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நான் தயங்கவில்லை. அன்று சாயங்காலமே பெட்டியை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். செல்வமேரிக்கு ஒரே பெருமை. "என் வீட்டுக்காரர் செஞ்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். பழைய மானிட்டரைக் கடைக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

முதல் சோதனை மூன்றாவது வாரத்தில் கெட்டது. எண் எண்பத்தெட்டுக்கு இறங்கி, ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதாயிற்று. வழியில் பார்க்க வேண்டும் என்று பெட்டியையும் கூடவே எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவர்களுடைய மானிட்டர் இருக்கிறதே, என் பெட்டியை அணைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். நான்கு நாளில் அவள் தேறி வீட்டுக்கு வந்தாள். ட்ரான்சிஸ்டர்களும் தேறிவிட்டன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது முறையும் அதே கதை. இந்தத் தடவை போனில் சத்யநாராயணனின் பெருமூச்சு மட்டும் கேட்டது. நான் செல்வமேரியிடம் கோபப்படவில்லை. ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகட்டும்.

நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது, மேடம். அதுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். அது காரணம் இல்லை. காரணம் அவளுடைய பயம். நான் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

முதலில் செய்தது மிகச் சின்ன விஷயம். தூக்கத்தில் புரளும்போது கிளிப் நழுவும். உடனே எண் மறைந்து பெட்டி அலறும், அவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருவாள். அதனால் கிளிப் நழுவினால் கடைசியாக இருந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று பெட்டிக்குள் எழுதிவைத்தேன். அன்றிலிருந்து அவள் அயர்ந்து தூங்கினாள். காலையில் எழுந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தலைவலி இல்லை என்றாள். ஒரு சின்னத் திருத்தம், எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஒருநாள் எண் தொண்ணூற்று இரண்டில் நின்றது. அவள் முகம் மாறத் தொடங்கியது. நான் இரண்டு கூட்டினேன். தொண்ணூற்று நான்கு. சிரித்தாள். சிரித்ததும் மூச்சு சீரானது. மூச்சு சீரானதும் உண்மையான எண்ணே ஒன்று ஏறியது. இதை எப்படிப் பொய் என்று சொல்வீர்கள்? நான் காட்டியது நிஜமானது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கையால் கூட்டுவது எதற்கு என்று, என் சுற்று புள்ளிகளுக்குச் செய்வதையே இவளுக்கும் செய்யும்படி எழுதிவிட்டேன். குறை எவ்வளவோ அவ்வளவு கூட்டு. திரையில் தொண்ணூற்றாறு. என்ன ஆனாலும் தொண்ணூற்றாறு. நூறு என்று காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் தேறினாள், மேடம். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அந்த மூன்று வாரம் அவள் கட்டிலை விட்டு எழுந்து சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடம்பா மீன் வாங்கிவரச் சொல்லி, தொக்கு எப்படி வைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மெஷின் போதாதபோது மாட்ட ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவருகிற குணா, ஒரு தடவை வந்தபோது பழைய சிலிண்டர் சீல்கூட உடைக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான்.

"இன்னா சார் இது, வச்சது வச்ச மாதிரியே கீது? அக்கா தேறிகினாங்களா?" என்றான். உள்ளே எட்டிப் பார்த்துத் திரையைக் காட்டி, "தொண்ணூத்தாறா! எனக்கே அவ்ளோ இருக்காது சார். பீடிய வுட்டாத்தான் உண்டு" என்றான். செல்வமேரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமல் நிற்க நேரமாயிற்று. இருமி முடித்ததும் அவள் பார்த்தது திரையைத்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லாததைப் பார்த்துச் சாய்ந்துகொண்டாள்.

ஒரு நல்ல சுற்று உண்மையை அழிப்பதில்லை. தனியாக வைத்துக்கொள்ளும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமென்றால் உண்மையான அளவு தெரிந்தாக வேண்டுமே. அந்த உண்மையான எண் என் லேப்டாப்புக்கு வந்துகொண்டே இருந்தது. அங்கே ஏற்கெனவே பேனலின் ட்ரான்சிஸ்டர்கள் களைத்துப்போவதைக் காட்டும் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இவளுடைய கோடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இறங்கின. அழகாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், அதனால் சொல்லவில்லை.

உண்மையான எண் எண்பத்தைந்துக்கு வந்தபோது டாக்டர் போன் செய்தார். "எவ்ளோ சார் இருக்கு?" என்றார். "தொண்ணூத்தாறு மேடம்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, திரையில் இருந்ததைத்தான் வாசித்தேன். "ரொம்ப நல்லது. அப்ப ஆக்சிஜனக் கூட்ட வேணாம், அப்படியே இருக்கட்டும். மழை விட்டதும் ஒரு தடவ நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார். மழையும் விடவில்லை. அடையாற்றில் தண்ணீர் ஏறினால் எங்கள் தெருவில் ஆட்டோ வராது, உங்களுக்கே தெரியும். விட்டபிறகும் நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. தொண்ணூற்றாறு இருப்பவளை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?

யாருக்கும் தெரியாமல் ஆக்சிஜனையாவது கூட்டியிருக்கலாமே என்று நேற்று உங்கள் ஏட்டையா கேட்டார். நியாயமான கேள்வி. ஆக்சிஜன் மெஷினின் திருகு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கூட்டினால் சத்தம் மாறும், அவள் கவனிப்பாள். நல்லாத்தானே காட்டுது, எதுக்குக் கூட்டுறீங்க என்று கேட்பாள். நான் என்ன பதில் சொல்வேன்? அந்தத் திருகைத் தொட்ட நிமிஷமே திரை பொய்யாகிவிடும். திரை பொய் என்று தெரிந்தால் அவளுக்குப் பழைய பயமெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். அதனால் தொடவில்லை.

அதன் பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். பேசும்போது பாதி வாக்கியத்தில் நின்றாள். ஒரு மத்தியானம் விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறந்துபோய் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தபிறகு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"என்னங்க, மூச்சு இழுக்குற மாதிரியே இருக்கு."

நான் திரையைக் காட்டினேன்.

"ஆமா, பாத்தேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டு, "மெஷின் நல்லாத்தான் காட்டுது. எனக்குத்தான் மனசு சரியில்ல போல. உங்களப் போட்டு பேஜார் பண்றேன், மன்னிச்சிருங்க" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. எழுதிக்கொள்ளுங்கள், வந்தது. தன் நெஞ்சுக்குள் நடப்பதைவிட நான் செய்த திரையை அவள் அதிகமாக நம்பினாள். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் ஒருத்தி ஒருத்தன்மேல் இதைவிடப் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. அந்த நம்பிக்கையை நான் எப்படி உடைப்பேன்?

எங்கள் மகள் சினேகா ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். வாராவாரம் ரயில் பிடித்துப் பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவாள். அவள் என்னைப் போல இல்லை, அம்மாவைப் போலவும் இல்லை. எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். ஒரு சனிக்கிழமை வந்தவள் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து மெடிக்கல் ஷாப்பில் விற்கிற சின்ன கிளிப் ஒன்றை எடுத்து அம்மாவின் இன்னொரு கை விரலில் மாட்டினாள். அதில் எழுபத்தாறு என்று வந்தது.

"அப்பா, என்னப்பா இது? இங்க எழுபத்தாறு, அங்க தொண்ணூத்தாறு. எது சரி? நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன்."

போனை எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், மேடம். எல்லாம் அவளே செய்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் செல்வமேரி பிழைத்திருப்பாள் என்று டாக்டர் இப்போது சொல்கிறார். நான் மறுக்கவில்லை.

நான் அந்த கிளிப்பை வாங்கிப் பார்த்தேன். என் தொழிலில் சந்தேகப்படுகிறவர்களோடு பேசுவது எனக்குப் பழக்கம். குரலை உயர்த்தக் கூடாது, எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும், அவர்களைவிட நாம் அதிகம் சந்தேகப்படுகிற மாதிரி இருக்க வேண்டும். "அம்மா கை எவ்ளோ ஜில்லுனு இருக்கு பாரு. ஜில்லுனு இருந்தா இந்த மாதிரி சீப்பான கிளிப் எல்லாம் கம்மியாத்தான் காட்டும். இது எவ்ளோக்கு வாங்கின? அது பேஷன்ட்டுக்குன்னே செய்யற மெஷின்மா. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பேசலாமா?" என்றேன். எல்லாம் உண்மையான தகவல்கள்தான். ஜில்லென்ற விரலில் கம்மியாகக் காட்டும். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சினேகா அப்போதும் போனைக் கீழே வைக்கவில்லை. அவளைத் தடுத்தது நான் அல்ல, செல்வமேரிதான்.

"அப்பா செஞ்ச மெஷின்டி" என்றாள். அவ்வளவுதான் சொல்ல மூச்சு இருந்தது. சினேகா போனைப் பைக்குள் போட்டாள். அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த கிளிப்பைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளையாக விடிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கோயிலில் பூஜை மணி அடித்தது. எங்கள் சர்ச்சில் முதல் ஆராதனைக்கு நேரம் இருந்தது. லேப்டாப்பில் எண் ஐம்பதுகளுக்கு வந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே கோடு மெல்ல இறங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தடவையாகத் தொடங்கிய சோதனையும் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான், நான் திட்டம் போடவில்லை. ஆம்புலன்ஸ் வர அதிக நேரம் ஆகாது, தெருவிலும் தண்ணீர் வடிந்திருந்தது. இதையெல்லாம் நான் அறியாமல் இல்லை.

செல்வமேரி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். ஆனால் பார்வை திரையில் நிற்கவில்லை, எங்கோ சுவரில் அலைந்தது.

"என்னங்க... எனக்கு அது தெரியல. எவ்ளோ இருக்கு? நிஜத்த சொல்லுங்க."

அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. நிஜத்தைச் சொல்லுங்கள் என்று. நான் அவள் நெற்றியில் கைவைத்துக் குனிந்து, தெளிவாகச் சொன்னேன்.

"தொண்ணூத்தாறு."

"அப்ப எனக்குத்தான் பயம்" என்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பில் அவளுடைய கோடு நின்றது. பேனலின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் தொண்ணூற்றாறு ஒரே சீரான வெளிச்சத்தில் எரிந்தது. ஒரு புள்ளிகூட மங்கவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம். தெரிந்தேதான் செய்தேன். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு எண்ணும் தெரியும், எப்போது முடியும் என்றும் தெரியும். நிறுத்தியிருக்க முடியும், ஒவ்வொரு நாளும் முடியும். நிறுத்தவில்லை. அவள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. கையெழுத்து எங்கே வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை சினேகா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் எதையும் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து டிவியில் ஆராதனை பார்க்கலாம் என்று முதல் ரயிலிலேயே வந்துவிட்டாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே எட்டித் திரையைப் பார்த்தாள். அவள் தோள்கள் தளர்ந்ததை நான் கவனித்தேன்.

"தூங்குறாங்களாப்பா?"

"தூங்கட்டும்" என்றேன்.

அவள் சத்தம் போடாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். ஊரப்பாக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறாளாம். படியே கிடையாதாம். பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறதாம், மல்லிகை வைக்கலாமாம். "ரெண்டு பேரும் எங்ககூட வந்துடுங்கம்மா. அம்மா, கேக்குதா? தூங்குங்க, தூங்குங்க. எழுந்ததும் சொல்றேன்" என்றாள். திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பத்து நிமிஷமோ அரை மணியோ, நான் கணக்குப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரம் அவளுக்கு ஒரு அம்மா இருந்தாள். அதை நான்தான் கொடுத்தேன்.

பிறகு போர்வையைச் சரிசெய்வதற்காக அம்மாவின் கையைத் தூக்கினாள். கை வந்த விதத்தில் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கிளிப் கழன்று தரையில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. குனிந்து கிளிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு.

அவள் கத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எழுந்து சுவரோரம் போய் ப்ளக்கை நோக்கிக் கையை நீட்டினாள். அதுவரை காலையிலிருந்து ஒரு அடிகூட நகராமல் உட்கார்ந்திருந்த நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி செத்துக் கிடக்கும் அறையில், அன்று நான் முதன்முதலாக என் மகளிடம் கெஞ்சினேன்.

"அதை மட்டும் அணைச்சிடாதம்மா. சாயங்காலம் வரைக்கும் ஓடணும்."